கால் விலை கிரைண்டர்: வாங்கலாமா, ஓட்டலாமா, விற்கலாமா?

கேள்வி: ஐயா, மரவேலையும் இரும்பு வேலையும் சேர்ந்த ஒரு சிறிய பட்டறை நடத்துகிறேன். என்னிடம் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். போன மாதம் பேர்பெற்ற கம்பெனியின் பெயர் போட்ட ஓர் ஆங்கிள் கிரைண்டரையும் (இரும்பு வெட்டவும் தேய்க்கவும் பயன்படுவது) ஒரு பேட்டரி டிரில்லையும் ஒரிஜினல் விலையில் கால் பங்குக்கு வாங்கினேன். “ஃபர்ஸ்ட் காப்பி, அதே ஃபேக்டரியில் செய்தது, ஸ்டிக்கர்தான் வேறு” என்றார் விற்றவர். இதுவரை இரண்டும் நன்றாகவே ஓடுகின்றன. உறவினர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, தெரிந்தவர்களுக்குக் கொடுக்கப் பத்து வாங்கித் தரச் சொல்கிறார். எனக்கும் கொஞ்சம் லாபம் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். இதை வைத்திருப்பது சட்டப்படி தப்பா? ஸ்டிக்கரை உரித்துவிட்டு விற்றால் சரியாகிவிடுமா? தரத்தில் உண்மையிலேயே அவ்வளவு வித்தியாசம் இருக்கிறதா, இல்லை பெயருக்குத்தான் காசு கொடுக்கிறோமா?

பதில்: உங்கள் கேள்விகளுக்குப் போவதற்கு முன் ஒன்று. அந்தக் கிரைண்டரை இன்றைக்கு யாரும் எடுக்க வேண்டாம் என்று பட்டறையில் சொல்லிவிடுங்கள். டிரில்லின் பேட்டரியை இரவு சார்ஜில் போட்டுவிட்டுப் பூட்டிக்கொண்டு போகும் பழக்கம் இருந்தால் அதையும் இன்றோடு நிறுத்துங்கள். காரணம் பின்னால் வருகிறது.

இருபத்தைந்து வருடமாக மின்கருவிகளைப் பிரித்துச் சரிசெய்வதுதான் என் தொழில். உங்களைப் போலக் கேட்பவர்கள் எல்லாரும் இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். மேலே யாருடைய பெயர் இருக்கிறது என்பது சட்டக் கேள்வி. உள்ளே என்ன இருக்கிறது என்பது தரக் கேள்வி. ஒன்றுக்குக் கிடைக்கும் விடை மற்றதற்குப் பொருந்தாது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். கை பட்டவுடன் பிளேடு மேஜைக்குக் கீழே இறங்கிவிடும் ‘ரீயாக்ஸ்’ என்ற மேஜை ரம்பத்தை பாஷ் நிறுவனம் கொண்டுவந்தது. தரத்தில் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அது சாஸ்டாப் நிறுவனத்தின் காப்புரிமையை மீறியது என்று 2017இல் முடிவாகி, அமெரிக்காவுக்குள் இறக்குமதி செய்யத் தடை வந்தது. கருவி நல்லது, சட்டம் இடம் தரவில்லை. இதற்கு நேர்மாறாக, யார் பெயரையும் திருடாமல் சொந்தப் பெயரிலேயே விற்கப்படும் கருவி ஒன்று, ஒரே வாரத்தில் ஆர்மேச்சர் (மோட்டாரின் சுழலும் பகுதி) கருகி என் மேஜைக்கு வருவதும் உண்டு. சட்டம் அதை ஒன்றும் கேட்காது.

சட்டத்தை முதலில் முடித்துவிடலாம், அது சுருக்கமானது. ‘காப்பி’ என்ற ஒரே சொல்லில் மூன்று வேறு சரக்குகள் அடங்கியிருக்கின்றன. அடுத்தவரின் பெயரையும் சின்னத்தையும் அச்சடித்த போலி ஒன்று. உருவமும் நிறமும் ஏறக்குறைய அப்படியே இருந்து, பெயர் மட்டும் வேறாக இருக்கும் ஒத்த கருவி இன்னொன்று. மூன்றாவது, ‘இன்ன கம்பெனிக் கருவிக்குப் பொருந்தும்’ என்று சொல்லி விற்கப்படும் பேட்டரி, கார்பன் (மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கரிக்கட்டை), சார்ஜர் போன்றவை.

இரண்டாவது வகையை எல்லாரும் திருட்டு என்று நினைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. காப்புரிமைக்கு ஆயுள் உண்டு; அறிவுசார் சொத்துரிமை பற்றிய உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தப்படி விண்ணப்பித்த நாளிலிருந்து குறைந்தது 20 ஆண்டு. அது முடிந்துவிட்டால் அந்தத் தொழில்நுட்பம் எல்லாருக்கும் பொது. இன்று நாம் கையில் பிடிக்கும் டிரில்லின் துப்பாக்கிப் பிடியும் விரலால் இழுக்கும் டிரிக்கர் ஸ்விட்ச்சும் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் 1917இல் காப்புரிமை பெற்றவை. இன்றைக்கு எந்தக் கம்பெனி டிரில்லை எடுத்தாலும் அதே பிடிதான். கான்கிரீட்டில் துளை போடும் ரோட்டரி ஹேமரில் பிட்டைத் தள்ளியவுடன் ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும் எஸ்டிஎஸ் அமைப்பு பாஷ் நிறுவனத்தின் வேலை, 1970களில் வந்தது. அதுவும் இப்போது எல்லாரும் பயன்படுத்தும் அமைப்பாகிவிட்டது. தோற்றத்துக்குத் தனியாக வடிவமைப்பு உரிமை இருக்கிறது, அதற்கும் காலக்கெடு உண்டு. ஆகவே பழைய மாடல் ஒன்றைப் பார்த்து அதேபோல் செய்து, தன் சொந்தப் பெயரைப் போட்டு விற்பவர் பெரும்பாலும் சட்டத்துக்குள்தான் நிற்கிறார். பார்ப்பவர் ஏமாந்துபோகும் அளவுக்கு நிறத்தையும் உருவத்தையும் பெயரையும் ஒட்டிக்கொண்டு வந்தால்தான் சிக்கல். ஒரே ஓர் எழுத்தை மாற்றி வைக்கும் பெயர்கள் அந்தச் சிக்கலில் மாட்டும். சாதாரணமாக வாங்க வருகிறவர் குழம்புவாரா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும்.

பெயரும் சின்னமும் அப்படி இல்லை. வணிகச் சின்னத்தைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம், அதற்கு முடிவு கிடையாது. அடுத்தவர் சின்னத்தைப் போட்டுச் செய்வதும் விற்பதும் எந்த நாளிலும் குற்றம்தான். 1995இல் நடைமுறைக்கு வந்த அந்த டிரிப்ஸ் ஒப்பந்தம், தெரிந்தே வியாபார அளவில் போலிச் சின்னம் போடுவதற்குக் குற்றவியல் தண்டனை வைத்தே ஆக வேண்டும் என்று உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்துகிறது. அதாவது சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

நீங்கள் வாங்கியது முதல் வகை. சொந்த உபயோகத்துக்கு ஒன்றிரண்டு வாங்கியவரைப் பெரும்பாலான நாடுகளின் சட்டம் துரத்துவதில்லை. எல்லா நாடும் அப்படி இல்லை; இத்தாலியிலும் பிரான்ஸிலும் வாங்கியவர் மீதே அபராதம் பாயலாம். வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைத்தால் சுங்கத்துறை பிடித்து அழித்துவிடவும் கூடும், கொடுத்த பணம் திரும்பாது. ஆனால் நீங்கள் உறவினருக்காகப் பத்து வாங்கி லாபம் வைத்துக் கொடுத்த அந்த நிமிடமே வாங்குபவர் என்ற இடத்திலிருந்து விற்பவர் என்ற இடத்துக்குப் போய்விடுகிறீர்கள். போலி என்று தெரிந்தே செய்கிறீர்கள் என்பதற்கு நீங்கள் எழுதிய இந்தக் கடிதமே சாட்சி. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். உறவுக்காரர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

ஸ்டிக்கரை உரித்துவிட்டால்? இந்தக் கேள்வியை எதிர்பார்த்தே அந்த ஒப்பந்தத்தை எழுதியிருக்கிறார்கள். பிடிபட்ட போலிச் சரக்கில் சின்னத்தை மட்டும் நீக்கிவிட்டுச் சந்தையில் திரும்ப விட்டுவிடக் கூடாது, விதிவிலக்கான சமயங்களில் தவிர அது போதாது என்று அதன் 46வது பிரிவு சொல்கிறது. அதோடு உங்கள் கிரைண்டரில் பெயர் ஸ்டிக்கரில் மட்டும் இருக்காது. கியர் பெட்டியின் அலுமினிய வார்ப்பிலும், பிளாஸ்டிக் உடலின் உட்புறத்திலும், கார்பன் மூடியிலும் அச்சு பதிந்திருக்கலாம். எல்லாவற்றையும் தேய்த்து எடுத்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் கம்பி மாறாது. கையில் வாங்கும் பத்துப் பேருக்கும் அது பெயரில்லாத, பொறுப்பேற்க யாரும் இல்லாத கருவியாக மட்டும் ஆகும்.

மூன்றாவது வகையில், ‘இன்ன மாடலுக்குப் பொருந்தும்’ என்று நேர்மையாக எழுதி விற்பதைப் பொதுவாகச் சட்டம் அனுமதிக்கிறது. அந்தக் கம்பெனியின் சின்னத்தையே பேட்டரி மேல் அச்சடித்தால் அது போலி. வேறு நாட்டுச் சந்தைக்காகச் செய்த ஒரிஜினலை ஒருவர் கொண்டுவந்து விற்றால் அதைப் போலி என்று சொல்ல முடியாது. அதை அனுமதிப்பதா வேண்டாமா என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். வாங்கினால் வோல்டேஜைப் பாருங்கள், வாரண்டி செல்லுமா என்று கேளுங்கள்.

‘அதே ஃபேக்டரி’ கதைக்கு வருவோம். சீனாவில் செய்தது என்பதாலேயே ஒன்று போலி ஆகிவிடாது. மகிட்டா, பாஷ் போன்றவற்றுக்கே அங்கே சொந்தத் தொழிற்சாலைகள் இருக்கின்றன, ஒரிஜினலிலேயே அந்த நாட்டின் பெயர்தான் இருக்கும். அதை வைத்துக்கொண்டுதான் விற்பவர்கள் இந்தக் கதையைக் கட்டுகிறார்கள். ஒரு வாதத்துக்கு, அதே ஃபேக்டரியின் பின்வாசல் வழியாக வந்தது என்றே ஒப்புக்கொள்வோம். சின்னத்தின் சொந்தக்காரர் அனுமதி இல்லாமல் அந்தச் சின்னத்தைப் போட்டால் எந்தக் கூரைக்குக் கீழே செய்தாலும் போலிதான். தரப் பரிசோதனையில் தள்ளிய ஆர்மேச்சர் அதில் போகவில்லை என்று யார் உறுதி சொல்வது? நான் பிரித்துப் பார்த்த ‘ஃபர்ஸ்ட் காப்பி’களில் ஒன்றுகூட ஒரிஜினலின் உதிரிப் பாகத்தை அப்படியே ஏற்றுக்கொண்டதில்லை. பேரிங் அளவு அரை மில்லிமீட்டர் தள்ளியிருக்கும், கியரின் பல் எண்ணிக்கை வேறாக இருக்கும். ஒரே ஃபேக்டரி என்றால் ஒரே பாகம் பொருந்த வேண்டாமா?

இனி தரம். உங்கள் கிரைண்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு வெள்ளைத் துணி மேல் வைத்துப் பிரித்தால் என்னென்ன தெரியும் என்று சொல்கிறேன். பிரிக்கும் பழக்கம் இல்லாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுத்துப் பக்கத்தில் இருந்து பாருங்கள்.

முதலில் வால் பக்கம். கார்பனை வெளியே எடுங்கள். நல்ல கருவியின் கார்பனுக்குள் ஸ்பிரிங் வைத்த சிறிய முளை ஒன்று ஒளிந்திருக்கும். கார்பன் தேய்ந்து கடைசிக்கு வரும்போது அந்த முளை வெளியே துருத்தி, தொடர்பைத் துண்டித்துக் கருவியை நிறுத்திவிடும். காப்பியில் இருப்பது வெறும் கரிக்கட்டை. அது முழுதும் தேய்ந்த பிறகு ஸ்பிரிங்கே கம்யூட்டேட்டரில் (ஆர்மேச்சரில் கார்பன் உரசும் செம்பு வளையம்) உரசும், அத்தோடு ஆர்மேச்சர் போய்விடும். பத்து நிமிடத்தில் முடிய வேண்டிய கார்பன் மாற்றும் வேலை, கருவியையே தூக்கிப்போடும் செலவாக முடிகிறது.

மோட்டாரில் சுழலாமல் நிற்கும் கம்பிச் சுற்றான ஃபீல்ட் காயிலின் ஓரத்தில் கம்பியை பிளேடு நுனியால் லேசாகச் சுரண்டுங்கள். மேலே உள்ள எனாமல் செம்பு நிறத்தில்தான் இருக்கும், அதை நம்ப வேண்டாம். எனாமலுக்குக் கீழே சிவப்பு தெரிந்தால் செம்பு. வெள்ளையாகப் பளபளத்தால் அலுமினியம். அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் செம்பில் அறுபது சதவீதம்தான். அதே தடிமனில் அலுமினியக் கம்பி சுற்றியிருந்தால் அதே வேலைக்கு அதிகம் சூடேறும். உங்கள் கருவி ‘நன்றாக ஓடுகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்து நிமிடம் தொடர்ந்து வெட்டிய பிறகு உடம்பில் கை வைக்க முடிகிறதா என்பதையும் எழுதியிருந்தால் இன்னும் சரியாகச் சொல்லியிருப்பேன்.

முன்பக்க கியரில் ஒரு சின்ன அரத்தை வைத்து ஒரு பல்லை மெதுவாக உரசிப் பாருங்கள். சரியாகச் சூடுபடுத்திக் கடினமாக்கிய பல்லில் அரம் கண்ணாடி மேல் போவதுபோல் வழுக்கும். மென்மையான பல்லில் அரம் கடிக்கும், தூள் கொட்டும். அப்படிக் கடித்தால் அந்த கியர் சில மாதங்களில் பல் உதிர்க்கும். பேரிங்கை விரலில் மாட்டிச் சுழற்றினால் சத்தமே இல்லாமல் ஓடி நிற்க வேண்டும். கரகரவென்றால் உள்ளே போன தூசி தெரிகிறது என்று அர்த்தம்.

இவையெல்லாம் பணக் கணக்கு. கியர் உடைந்தால் வேலை நிற்கும், கை போகாது. உயிர்க் கணக்கு வேறு மூன்று இடங்களில் இருக்கிறது.

ஒன்று, ஷாக். உங்கள் கிரைண்டரின் பெயர்ப்பலகையில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்திருப்பார்கள். மின்சாரம் கசியாதபடி இரட்டைக் காப்பு செய்த கருவி, எர்த் தேவையில்லை என்று அதற்குப் பொருள். அதனால்தான் அதன் கேபிளில் இரண்டே கம்பி. ஒரு கை பிடித்திருக்கும் முன்பக்கம் வெறும் அலுமினியம். அதற்கும் ஆர்மேச்சர் சுற்றுக்கும் நடுவில், தண்டின் மேல் ஏற்றியிருக்கும் ஒரு பிளாஸ்டிக் உறைதான் இரண்டாவது காப்பு. ஒரிஜினலில் ஆர்மேச்சரைக் கழற்றிப் பார்த்தால் தண்டுக்கும் இரும்புத் தகடுகளுக்கும் நடுவில் அந்த உறையின் விளிம்பு வளையமாகத் தெரியும். காப்பிகளில் பல தடவை அது இருக்காது. சதுரத்துக்குள் சதுரத்தை மட்டும் அழகாக அச்சடித்திருப்பார்கள். எர்த்தும் இல்லை, இரண்டாவது காப்பும் இல்லை. என்னிடம் வரும் எந்தக் கருவியையும் 500 வோல்ட் மெகர் (மின்காப்பை அளக்கும் கருவி) வைத்து, ஸ்விட்ச் ஆன் நிலையில், பிளக் முனைக்கும் முன்பக்கத் தண்டுக்கும் நடுவே சோதித்த பிறகுதான் திருப்பித் தருவேன். 7 மெகாஓமுக்குக் கீழே இறங்கிய எதையும், சொந்தக்காரர் எவ்வளவு கேட்டாலும், ஓடும் நிலையில் கையில் கொடுத்ததில்லை.

இரண்டாவது, ஸ்விட்ச். சில வருடங்களுக்கு முன் வெல்டிங் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் நொண்டிக்கொண்டு வந்தார். கையில் பேர்பெற்ற கம்பெனியின் போலிக் கிரைண்டர். “அண்ணா, இதை ஆஃப் பண்ணேன், ஆஃப் ஆகல” என்றார். ஸ்விட்ச்சைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, நின்றுவிடும் என்று நம்பித் தரையில் வைத்திருக்கிறார். நிற்காத வீல் (வெட்டும் வட்டு) தரையைக் கவ்வி, கருவியை அவர் பக்கமே ஓட்டி வந்திருக்கிறது. தொடையில் ஒரு சாண் நீளத்துக்குத் தையல். நான் அந்த ஸ்விட்ச்சைப் பிளந்து பார்த்தேன். நல்ல ஸ்விட்ச்சில் தொடுமுனை வெள்ளிக் கலவைக் குமிழாக இருக்கும்; ஸ்பிரிங் அதைப் படாரென்று விலக்கிவிடும், பொறி நீடிக்காது. இதில் இருந்தவை நகம் கனத்தில் இரண்டு தகரத் துண்டுகள். பொறி அடித்து அடித்து அவற்றின் ஓரங்கள் ஒரு கடுகு அளவுக்கு உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அந்தக் கடுகளவு ஒட்டலை இன்றும் என் மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். கருவி வாங்க யோசனை கேட்டு வருபவர்களிடம் முதலில் அதைத்தான் காட்டுவேன்.

மூன்றாவது, வேகமும் வீல் மூடியும். 100 மில்லிமீட்டர் வீல் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. வீலைப் பிய்க்கப் பார்க்கும் விசை வேகத்தின் இருமடிப்படி ஏறும். பெயர்ப்பலகையில் 11,000 என்று போட்டுவிட்டு உண்மையில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக ஓடும் மோட்டாரில், அந்த விசை 44 சதவீதம் கூடிவிடுகிறது. அந்த வீல் உடைந்தால் துண்டைத் தடுக்க வேண்டியது மூடி ஒன்றுதான். உங்கள் கிரைண்டரின் மூடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். வளைந்தால் அது மூடியே இல்லை. பட்டறைகளில் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்கிற வழக்கம் இருக்கிறது. நல்ல கருவியிலும் அதைச் செய்யாதீர்கள், உங்கள் ஆட்களையும் செய்ய விடாதீர்கள். வீலிலும் போலி உண்டு. வாங்கும்போது நடுவளையத்தில் கெடு மாதமும் வருடமும் பதிந்திருக்கிறதா, அதிகபட்ச வேகம் உங்கள் கருவியின் வேகத்துக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் பேட்டரி. அதற்குத் தனியாக ஒரு பத்தி வேண்டும், ஏனென்றால் அச்சடித்த பொய் அதிகம் இருப்பது அங்கேதான். 18 வோல்ட் கருவியின் பேட்டரிக்குள் 3.6 வோல்ட் செல் ஐந்து வரிசையாக இருக்கும். முழுதாக சார்ஜ் ஏறினால் ஒவ்வொன்றும் 4.2 வோல்ட், மொத்தம் 21. அதே பெட்டியின் மேல் 48 என்றும் 88 என்றும் எண் போட்டு விற்கிறார்கள். அது வோல்ட் அல்ல, எதுவுமே அல்ல, ஓர் எண். பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் அடங்கும் என்று சொல்லும் ஆம்பியர்-மணியிலும் அப்படித்தான். பரவலாகப் பயன்படும் 18 மி.மீ. குறுக்களவும் 65 மி.மீ. நீளமும் உள்ள செல்லில், கருவிக்கு வேண்டிய கனமான மின்னோட்டம் தரும் வகை என்றால் 2.5இலிருந்து 3 ஆம்பியர்-மணிதான் அடங்கும். இரண்டிரண்டாகச் சேர்த்துப் பத்து செல் போட்டால் ஐந்தோ ஆறோ வரும். அதே பெட்டியில் 9 என்று எழுதியிருந்தால் நம்பாதீர்கள். பிரிக்காமலே சோதிக்க ஒரு வழி தராசு. ஒரு செல் சுமார் 45 கிராம், பத்து செல் மட்டுமே 450 கிராம். பெட்டியும் சேர்த்து 400 கிராம்கூட வராத பேட்டரியில் ‘6.0’ என்று இருந்தால் உள்ளே இருப்பவை ஐந்தே செல். பல சமயம் பழைய லேப்டாப்பிலிருந்து எடுத்துப் புது உறை போட்ட செல்கள்.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. நல்ல பேட்டரியில் ஒவ்வொரு செல்லின் இணைப்பிலிருந்தும் ஒரு மெல்லிய கம்பி உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் பலகைக்குப் போகும், தனித்தனியாகக் கவனிப்பதற்கு. காப்பியில் அந்தக் கம்பிகளை விட்டுவிடுகிறார்கள், அல்லது ஒப்புக்குச் சாலிடர் வைத்திருப்பார்கள். மொத்த வோல்டேஜை மட்டும் பார்க்கும் சார்ஜருக்கு 21 வந்தால் போதும். நான்கு செல் 4.1இல் இருந்து, பலவீனமான ஐந்தாவது செல் 4.6க்கு ஏறியிருந்தாலும் கூட்டினால் 21தான். பச்சை விளக்கு எரியும். ஆனால் லித்தியம் செல் 4.2க்கு மேல் தாங்காது. உள்ளே சூடேறி வீங்கும், மோசமானால் தீப்பிடிக்கும், ஒன்று பிடித்தால் பக்கத்துச் செல்லும் பிடிக்கும். மரத்தூள் கிடக்கும் பூட்டிய பட்டறையில், நடு இரவில். முதலில் அந்தப் பழக்கத்தை நிறுத்தச் சொன்னது இதனால்தான்.

அட்டைப் பெட்டியில் இருக்கும் சி.இ., யூ.எல். போன்ற பாதுகாப்பு முத்திரைகளைப் பார்த்து ஆறுதல் அடைய வேண்டாம். பெயரையே திருடி அச்சடிப்பவருக்கு முத்திரையை அச்சடிப்பது பெரிய வேலை இல்லை. சி.இ. என்பது பெரும்பாலும் தயாரிப்பாளர் தானே பொறுப்பேற்றுப் போடுவது; போலியில் பொறுப்பேற்கும் தயாரிப்பாளரே இல்லை. சான்றிதழ் எண் இருந்தால் அதை வழங்கிய நிறுவனத்திடம் சரிபார்க்கலாம். பேட்டரி டிரில்லில் ‘பிரஷ்லெஸ்’ (கார்பன் இல்லாத மோட்டார்) என்று எழுதியிருந்தால் இருட்டில் ஓட்டி, காற்றுத் துளை வழியாகப் பாருங்கள். உள்ளே நீலப் பொறி தெரிந்தால் கார்பன் இருக்கிறது, எழுத்து பொய்.

பெயருக்குத்தான் காசா என்று கேட்டீர்கள். ஓரளவுக்கு ஆமாம். விளம்பரச் செலவும் கடையின் லாபமும் விலையில் இருக்கின்றன. எல்லாரும் உச்ச விலைக் கருவியைத்தான் வாங்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். சின்னப் பட்டறையின் முதலீடு எவ்வளவு இறுக்கமானது என்று எனக்குத் தெரியும். சுவரில் எப்போதாவது துளை போட, திருகு முடுக்க, சொந்தப் பெயரில் வரும் மலிவான டிரில் போதும். அது பழுதானால் வேலை தாமதமாகும், அவ்வளவுதான். கிரைண்டர், வட்ட ரம்பம், பேட்டரி, சார்ஜர் ஆகியவற்றில் மட்டும் மலிவைத் தேடாதீர்கள். பணம் போதவில்லை என்றால், ஒரிஜினலைப் பழையதாக வாங்கி, பேரிங்கும் கார்பனும் மாற்றி, மெகர் வைத்துப் பார்த்து ஓட்டலாம். பத்து வருடப் பழைய ஒரிஜினல் கிரைண்டர்கள் பல என் கையால் மறுபிறவி எடுத்து இன்னும் ஓடுகின்றன. மாதம் ஒருமுறை தேவைப்படுவதை வாடகைக்கு எடுக்கலாம். பெயர் அதிகம் தெரியாத கம்பெனி என்றால் கடையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதற்கு ஆர்மேச்சரும் ஸ்விட்ச்சும் தனியாகக் கிடைக்குமா? கிடைக்கும் என்று பாக எண்ணோடு சொல்பவரிடம் வாங்கலாம். தான் விற்றதற்குப் பின்னால் நிற்கப் போகிறவர் மட்டும்தான் உதிரிப் பாகம் வைத்திருப்பார்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, “என்னிடம் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள்” என்பது. கால் விலையில் மிச்சமானது உங்கள் பணம். அந்தக் கருவியைப் பிடித்து நிற்பது பெரும்பாலும் அவர்கள் கை. தொழிலாளியிடம் கொடுக்கும் கருவி பாதுகாப்பானதா என்று உறுதி செய்வது முதலாளியின் கடமை என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் ஆண்டு உடன்படிக்கை, 155வது எண், சொல்கிறது. நாடுகளின் தொழிற்சட்டங்களும் காப்பீட்டு நிறுவனங்களும் அதே கண்ணோடுதான் பார்க்கும். ஒரு விபத்து நடந்தால் முதல் கேள்வி, “இந்தக் கருவிக்கு பில் எங்கே?” என்பதாக இருக்கும். போலி என்று தெரிந்தே கொடுத்தீர்கள் என்றால் உங்கள் பக்கம் பேச யாரும் இருக்க மாட்டார்கள்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். விற்றவரிடம் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள். ஒரிஜினல் என்று பில்லில் எழுதியிருந்தால் நுகர்வோர் புகார் செய்ய வழி இருக்கிறது. தரவில்லை என்றால் கிரைண்டரை யாருக்கும் கொடுக்காதீர்கள், பழைய சாமான்காரருக்கு முழுதாகவும் போடாதீர்கள். அது இன்னொருவர் கைக்குப் போய்விடும். பிளக்கைப் பிடுங்கி, கேபிளை உடலை ஒட்டி வெட்டி, ஸ்விட்ச்சை உடைத்துவிட்டுப் போடுங்கள். டிரில்லை மெகர் சோதனை செய்யத் தேவையில்லை, அதில் வோல்டேஜ் குறைவு. லேசான வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதன் பேட்டரியைத் தராசில் வையுங்கள். கனம் குறைந்திருந்தாலோ, ஒரு பக்கம் உப்பியிருந்தாலோ, சார்ஜ் ஏறும்போது தொட முடியாத அளவுக்குச் சூடானாலோ பேட்டரிக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள், குப்பையில் வேண்டாம். நன்றாக இருந்தாலும் சிமென்ட் தரையில், பக்கத்தில் மரமோ தின்னரோ இல்லாமல், நீங்கள் கண் முன்னால் இருக்கும்போது மட்டும் சார்ஜ் போடுங்கள்.

புதுக் கிரைண்டர் வந்ததும் அந்த இரண்டு பேரையும் கூப்பிட்டு, வீல் மூடியை எப்படித் திருப்பிப் பூட்டுவது என்று நீங்களே கையில் பிடித்துக் காட்டுங்கள். பழையது ஏன் போனது என்பதையும் சொல்லுங்கள்.